வாங்கலிலிருந்து மோகனூருக்கு நடந்தே

மோகனூர் ஸ்டேஷன் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நான் திட்டம் போட்ட முதல் நடை இது. காலையில் வாங்கலில் ரயிலை விட்டிறங்கி, காவிரிப் பாலம் தாண்டி, வெற்றிலைத் தோட்டங்களைச் சுற்றி வந்துவிட்டோம். என்னை நம்பி வந்த தோழிகள் இருவரும் வெள்ளரிக்காய் தின்கிறார்கள்.

நாங்கள் நடந்து வந்ததைச் சொன்னதும், வெற்றிலைக் கூடையோடு பக்கத்தில் இருக்கும் ஓர் அம்மா கேட்கிறார்: "ஏனுங்க, வாங்கல்ல ஏறுனா அடுத்த ஸ்டேஷன் இதுதானுங்களே. எதுக்கு நடந்தீங்க?"

"ரயிலு ஆத்துமேல நிக்காதுங்களே. எங்களுக்கு நின்னு பாக்கோணும்."

என் கைத்தடியைப் பார்க்கிறார். "இந்தக் காலோடயா?"

"ஆமாங்க."

"அடேங்கப்பா!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார்.

ரயில் வருகிறது. தோழி ஒருத்தி கை நீட்டுகிறாள். அவளிடம் தடியை மட்டும் கொடுத்துவிட்டு நானே ஏறுகிறேன்.