கேள்வி கேட்டது அவனிடம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளைச் செக்கிங் அக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி என்பார்கள். தைத்து வரும் சட்டையை மேசைமேல் உதறிப் போட்டு, காலரில் ஒரு தையல் பிசகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி வீசுவாள். "இதைத் தைச்சது கையா காலா?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத தையல்காரர் அங்கே கிடையாது. சரி, அதற்குத்தானே சம்பளம். ஆனால் அந்தக் கண்ணைத் தொழிற்சாலை வாசலோடு விட்டுவிட்டு வரத் தெரியாதே அவளுக்கு! வீட்டிலும் அதே உதறல், அதே வாய். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மொத்தமும் மகன் தலையில்தான் விடிந்தது.

மகன் கல்லூரியில் முதல் வருடம். சில மாதங்களாகவே ஆள் சரியில்லை. முதலில் சாப்பாடு குறைந்தது, அப்புறம் பேச்சு, அப்புறம் கல்லூரிக்குப் போவதே நின்றுபோனது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். குளிக்கச் சொன்னால் குளியலறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"என்னடா கேடு உனக்கு? உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வருது, துவைச்ச துணி வருது. இன்னும் என்ன வேணும்?"

"ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா."

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. எதுவுமே பிடிக்கல."

வலிக்காத உடம்புக்கு வைத்தியமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளெல்லாம் நின்று கால் வீங்கி வருகிறவள் இங்கே இருக்க, பிடிக்கவில்லையாம் துரைக்கு! கத்தித் தீர்த்தாள். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லும் ஆசாமி, சொந்த வீட்டில் செல்லாக்காசு.

"எல்லாம் கொழுப்புக்கா. நாலு அறை விட்டா எந்திரிச்சு ஓடுவான். மனநல டாக்டர்னு போயிடாத. பைத்தியம்னு முத்திரை குத்திட்டா, நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றவன், சும்மா இருக்காமல் போர்வையைப் பிடித்து உருவினான்.

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள். "கையை எடுடா! என் பிள்ளையை நான் திட்டுவேன், நீ யாருடா அவனைத் தொடறதுக்கு? பொண்ணு குடுக்கிறவன் கிடக்கிறான், முதல்ல நீ நடையைக் கட்டு!"

செருப்பு மாட்டக்கூட அவனுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. மறுநாளே லீவு போட்டு, மகனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாசத்தில் போனாள் என்று யாரும் உருகிவிட வேண்டாம். தம்பி கூடாது என்றானே, அந்த வீம்பில் போனாள்.

மனநலப் பிரிவில் சின்ன அறை. மின்விசிறி கடகடத்தது. டாக்டரம்மாவுக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அதுவே இவளுக்குப் பிடிக்கவில்லை.

"தூக்கம் எப்படிப்பா இருக்கு?" என்று டாக்டர் மகனைக் கேட்டார்.

"எங்க தூங்கறான்? விடிய விடிய ஃபோனு," என்றாள் அவள்.

"சாப்பாடு?"

"கொறிக்கிறான்."

"நான் உங்க பையனைக் கேட்கிறேன்மா. நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்களேன்."

"எதுக்கு? பெத்தவ நான். எனக்குத் தெரியாதது இவனுக்கு என்ன தெரியும்?"

டாக்டருக்கும் முகம் கடுத்தது. "எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொன்னா, மருந்தையும் உங்களுக்குத்தான் எழுதணும்."

இவள் முறைத்தாள், இடத்தைவிட்டு அசையவில்லை. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

"ஐயோ, என்ன பேச்சு இது! அப்படிப்பட்ட பிள்ளை இல்ல இவன்."

"தோணியிருக்கு," என்றான் மகன். "தினமும் தோணுது."

இதை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை அத்தனை நாளும் படுத்துக் கிடந்தான்? தலைமாட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தாளே, பாவி!

"சொன்னது ரொம்ப நல்லதுப்பா. இதுக்கு வைத்தியம் இருக்கு, மெதுவா பேசலாம்," என்றார் டாக்டர். "அம்மா இங்க இருக்கட்டுமா, வெளிய போகட்டுமா? நீதான் சொல்லணும்."

அவன் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. தானாகவே எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"இருக்கட்டும்," என்றான் மகன். "ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் பேச ஆரம்பித்தான்.