பச்சைப் பொட்டு

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் மரக்கிளை முறிந்து விழுந்து பெரியமுத்து செத்த பதினாறாம் நாள் காலையில், அவன் மனைவி நாச்சம்மாளை தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். 1956, ஆடி மாதம்.

தாலியைக் கழற்றியாயிற்று. வளையலை உடைத்தாயிற்று. ஒரு கிழவி ஈரத்துணியால் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தாள். அடியில் பாசிப்பயறு அளவுக்குப் பச்சைப் பொட்டு, சின்ன வயதில் குத்தியது. கிழவி அழுத்தித் துடைத்துப் பார்த்தாள்.

"அது துணிக்குப் போகாது" என்றார் போடியிலிருந்து வந்திருந்த மொக்கச்சாமி, பெரியமுத்துவின் அண்ணன். மடியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். சேங்கொட்டைப் பால், வண்ணார் துணிக்குக் குறி போடுவது. தோலில் பட்டால் புண்ணாகி உரிந்துவிடும். ஒரு குச்சியை அதில் தோய்த்தார்.

"பொறுத்துக்க தாயி. பொட்டோட நீ நின்னா ஊரு என்னையத்தான் கேக்கும். கட்டிக்குடுக்க ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்."

இரண்டு பெண்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். பதினைந்து நாளாகச் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி வந்தவள் அவள். குச்சியின் நுனி நெற்றிக்கு நேரே வந்ததும் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு புருவத்தில் தெறித்தது. அவள் விடவில்லை.

"மச்சான், உங்க தம்பி குடுத்தது குங்குமம். அதை எடுத்துட்டீக. இது எங்காத்தா ஏழு வயசுல குத்திவிட்டது. அன்னிக்கு உங்க தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது."

"புருசன் போனா நெத்தி வெறுமையாத்தான் இருக்கணும். அதான் வழக்கம்."

"சின்னப்புள்ளைக்குப் பொட்டு வைக்கிறதும் வழக்கந்தான். அது எந்த ஆம்பளைக்காக?"

தோளைப் பிடித்திருந்தவர்களில் ஒருத்தி நெற்றியிலும் அதே பச்சை இருந்தது. அவள்தான் முதலில் கையை எடுத்தாள்.

மொக்கச்சாமி குப்பியை மூடினார். "நீயாச்சு, உன் நெத்தியாச்சு." சாப்பிடாமலே மலையிறங்கிப் போனார்.

புருவம் கொப்புளித்துத் தழும்பாயிற்று. நாச்சம்மாள் அடுத்த திங்கட்கிழமையே ஏலக்காய் எடுக்கப் போனாள். குங்குமம் வைத்துக்கொள்ளவில்லை. பச்சையை முந்தானையால் மறைக்கவும் இல்லை. மொக்கச்சாமியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு அவளுக்குச் சொல்லிவிடவில்லை. கல்யாணத்தன்றைக்கும் அவள் காய் எடுக்கத்தான் போனாள்.

மூன்றாம் வருஷம், இளையவள் கல்யாணத்துக்குச் சொல்ல மொக்கச்சாமியே மலையேறி வந்தார்.

"இந்த நெத்தியோடவா வரச் சொல்றீக?"

அவர் தரையைப் பார்த்தார். "மூத்தவளோட மாமியா நெத்தியில மூணு பச்சை இருக்கு. அந்தம்மாவும் தாலியறுத்தவதான். அங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

நாச்சம்மாள் அடுப்பில் பாலில்லாத கட்டன் காப்பி வைத்து, அவருக்கு ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டாள்.