எந்த அடியந்திரம்?

எங்கள் வீட்டில் இன்றும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தால் அம்மா கடைசியாக எடுக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. "கூடப்பொறந்தவ நிச்சயத்துக்குப் பொணப்பெட்டி வரவழைச்சவதானேட்டி நீ" என்பார். அதோடு என் வாய் அடைத்துப்போகும் என்று நினைப்பு. போகாது. அது பிணப்பெட்டி அல்ல, குளிர்பெட்டி. அதை வரவழைத்ததும் நானல்ல, என் ஆராய்ச்சி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களோடு என்ன பேசுவது? விஷயம் வீட்டு நான்கு பேரைத் தாண்டிப் போகவில்லை. மாப்பிள்ளையின் அத்தைக்குப் பஞ்சாங்கம் தவிர வேறு எதையும் வாசிக்கிற பழக்கம் இல்லை என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

நான் கருங்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறேன். வீடு கிழக்கே, வயல்கள் நடுவே. காலையும் மாலையும் பஸ்ஸில் தொங்கியபடியே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தல்காரர், சமையல்காரர், பூக்கடைக்காரர், வேன்காரர் எல்லோரும் இப்போது இணையத்தில் ஆளுக்கொரு பதிவுப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரு விசேஷம் வந்தால் ஒவ்வொன்றையும் நாம்தான் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் அதே தேதியையும் அதே விலாசத்தையும் அடிக்க வேண்டும். மெஷினே இதைச் செய்தால் என்ன? தேவையான சேவையைத் தானே கண்டுபிடித்து, ஒன்றை ஒன்றோடு கோத்து, சமையல்காரர் சொல்லும் கணக்கை இலைக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, யாரும் வாய் திறக்காமல் காரியத்தை முடித்தால்?

அதற்கு மெஷின் எழுத்தைப் பார்த்தால் போதாது, பொருளை அறிய வேண்டும். நாம் வேன் கேட்டால், டெம்போ என்று எழுதி வைத்திருப்பவரும் அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே எந்தச் சொல் எதற்குச் சொந்தம், எது எதில் அடங்கும் என்றெல்லாம் பெரிய வம்சாவளி மாதிரி எழுதி அதன் கையில் கொடுப்போம். ஆன்டாலஜி என்பார்கள். பெயரைக் கேட்டு அம்மா ஏதோ வியாதி என்று நினைத்தார்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "நாலு போன் போட்டா தீருத காரியம். அதுக்கா மக்கா இத்தன வருசமா பஸ் ஏறுக?" என்பார். அவர் போன் போட்டால் நான்கு தெருவுக்குக் கேட்கும் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

முதல் சோதனையில் என் மானம் போனது உண்மை. புதுக்கடை, கருங்கல் பக்கத்துக் கடைகளுக்கு என் மாணவர்கள் பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தார்கள். கடைக்காரர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள் என்பது என் உத்தரவு. அந்த வட்டாரத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். என் வழிகாட்டிப் பேராசிரியர் சென்னைக்காரர். அவர் முன்னால் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பந்திக்கு வெள்ளம் வேண்டும் என்று மெஷினிடம் கேட்டேன். அது வெள்ள அபாய எச்சரிக்கைச் சேவையைக் கண்டுபிடித்து, அதோடு மீட்புப் படகையும் கோத்து, பந்தியை மேடான இடத்துக்கு மாற்றும்படி சொன்னது. அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் மேஜையெல்லாம் சிந்தியது. "நிஜமான ஒரு வீட்டு விசேஷத்தை இது முழுசா நடத்திக் காட்டட்டும்மா, அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து வெள்ளம், சாயா என்று இந்த மாவட்டத்துச் சொற்களை எல்லாம் திரட்டி மெஷினுக்குள் ஏற்றினேன். நம் ஊரை இதைவிட நன்றாக அறிந்த ஜீவன் கிடையாது என்று எனக்கே திமிர் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் தங்கையின் நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவர். இருவருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் சம்மதித்து, ஜாதகமும் பொருந்தி, எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் மாப்பிள்ளையின் சிறு வயதிலேயே அவர் அம்மா போய்விட்டதால் வளர்த்தது அத்தைதான். அத்தை வாக்குக் கொடுக்காமல் அந்த வீட்டில் உலை ஏறாது. அத்தையோ சகுனத்துக்குக் கட்டுப்பட்டவர். முதல் முறை நிச்சயத்துக்குப் புறப்பட்டபோது பூனை குறுக்கே போனது, திரும்பிவிட்டார்கள். அடுத்த முறை வேனில் ஏறும்போது யாரோ ஒற்றைத் தும்மல் போட்டார்கள், இறங்கிவிட்டார்கள். இரண்டு முறையும் எங்கள் வீட்டில் வைத்த பாயசத்தைப் பக்கத்து வீட்டார் குடித்தார்கள். தங்கை பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டு என் அறையில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவையும் அவிய திரும்பிப் போனா இனி வரமாட்டாவ அக்கா. அவரும் அத்தைய மீறமாட்டாரு. எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்றிருக்கும். எனக்கு அவள் மேல் உயிர். அந்த அத்தையையும் எல்லாப் பூனைகளையும் மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு, இந்த நிச்சயத்தில் ஒரு குறை வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேராசிரியர் கேட்ட நிஜமான விசேஷமும் எனக்குக் கிடைத்துவிட்டது.

மெஷினிடம் எல்லாம் சொன்னேன். விசேஷம் என்று சொல்லாமல் எங்கள் ஊர்ச் சொல்லிலேயே வீட்டில் நடக்கும் அடியந்திரம் என்றேன்; பிறகு தேதி, நேரம், விலாசம். பந்தல், நாற்காலி, சாப்பாடு, பூ. வருகிறவர்களுக்கு ஐஸ்கிரீம் கொடுக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை, ஆகவே ஒரு நாள் வாடகைக்குக் குளிர்பெட்டி. அது ஒரு நிமிடம் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் கடையைக் கண்டுபிடித்து, கோத்துக் காட்டியது. பந்தலுக்கு நல்ல பொருத்தம். சாப்பாட்டுக்கு நல்ல பொருத்தம். குளிர்பெட்டிக்கு முழுப் பொருத்தம். என் தங்கையின் ஜாதகத்துக்குக்கூட அவ்வளவு பொருத்தம் வரவில்லை. பெருமையோடு பொத்தானை அழுத்தினேன்.

நிச்சயத்தன்று காலை பந்தல் சொன்ன நேரத்துக்கு முன்பே எழுந்து நின்றது. நாற்காலி வந்தது. சமையல்காரர் வந்தார், இலை வந்தது, பூ வந்தது, ஐஸ்கிரீம் டப்பாக்கள் வந்தன. ஒருவருக்கும் யாரும் போன் செய்யவில்லை. அப்பா வாசலில் வேலையில்லாமல் நின்றதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்போது அவர் கைப்பேசியில் செய்தி வந்தது. எல்லாக் கடைகளின் பதிலையும் சேர்த்து ஒரே செய்தியாக வீட்டுத் தலைவருக்கு அனுப்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். அப்பா அதை எட்டப் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

"பந்தல் நிறைவு. நாற்காலி நிறைவு. சாப்பாடு தயார். தங்கள் குடும்பத்தின் ஈடுசெய்ய முடியாத இழப்பில் நாங்களும் பங்குகொள்கிறோம். குளிர்பெட்டி புறப்பட்டுவிட்டது." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு மக்கா போனது?"

குளிர்பெட்டிக் கடையின் பதிவுப் பக்கத்தை ஓடிப்போய்த் திறந்தேன். 'வீட்டு அடியந்திரத்துக்குக் குளிர்பெட்டி. ஒரு நாள் வாடகை. வண்டியோடு கொண்டுவந்து வைத்துத் தரப்படும்' என்று இருந்தது. ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி அல்ல, பிணம் வைக்கிற பெட்டி; ஆனால் கேட்ட சொல்லுக்குச் சொல் பொருந்தியிருந்தது. எங்கள் ஊரில் கல்யாணமும் அடியந்திரம்தான், செத்தவருக்கு அன்று தொடங்கிப் பதினாறாம் நாள் வரை செய்வதும் அடியந்திரம்தான். எந்த அடியந்திரம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மெஷினுக்கு நான் எத்தனையோ கொடுத்திருந்தேன், பார்க்க ஒரு முகம் கொடுக்கவில்லை.

வண்டிக்காரருக்குப் போன் செய்தேன். ஊருக்குள் நுழைந்துவிட்டாராம். "அண்ணே, வராண்டாம். அப்படியே திரும்பிப் போங்கோ. வாடகைய முழுசா தாறேன்" என்றேன்.

"அதெப்படி? ஆளு பொழச்சிட்டாரா?" என்றார் அவர்.

"ஆமா, பொழச்சாச்சு. திரும்புங்கோ."

அவர் திரும்பினார். அதுதான் வினை. எங்கள் ஊருக்குள் வர, சானல் என்கிற பாசன வாய்க்காலை ஒட்டிய சானல்கரை ரோடு ஒன்றுதான். அதில் இரண்டு வண்டி விலக வேண்டுமானால் ஒன்று சானலில் இறங்க வேண்டும். அவர் பேசாமல் வந்திருந்தால் கொல்லைப்பக்கம் விட்டு மறைத்திருக்கலாம். இப்போது மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில், அவர்களுக்கு நேர் எதிரே அனுப்பி வைத்திருக்கிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டுச்சேலையோடு பறந்தேன்.

நான் போனபோது சானல்கரையில் வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்று மாப்பிள்ளை வீட்டு வேன். மற்றது நாலாபுறமும் கண்ணாடி வைத்த வெள்ளை வண்டி, உள்ளே துணி போர்த்திய நீளப்பெட்டி, முகப்பில் ஒரு மலர்வளையம். வேனின் கதவைத் திறந்து அத்தை இறங்கினார். பின்னால் மாப்பிள்ளை, முகத்தில் ரத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். தங்கையிடம் போய் என்ன சொல்வேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "ஏலே, பாத்தியா! எதுக்கால பொணம் வருது. இதவிட நல்ல சகுனம் உண்டுமா? ரண்டு தடவ தடுத்த தெய்வம் இண்ணைக்குத்தான் வழி விட்டிருக்கு!"

எனக்கு ஸ்கூட்டரிலிருந்து இறங்கக்கூடத் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது பிணம் எதிரே வருவது நல்ல சகுனம் என்பதை அந்த அவசரத்தில் மறந்தே போயிருந்தேன். மூச்சு விட்டேன். அதற்குள் வண்டிக்காரர் தலையை வெளியே நீட்டி, "அம்மா, அது வந்து, பெட்டி..." என்று ஆரம்பித்தார். காலி என்று சொல்லப்போகிறார். காலிக் குடம் எதிரே வந்தாலே திரும்பிப் போகிறவர், காலிப் பெட்டிக்கு என்ன செய்வார்?

"மூடியிருக்கு அத்தை! மொகம் பாக்க முடியாது" என்று நான் கத்தினேன்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நம்ம ஊரு ஆளா மக்கா? யாரு?"

பொய் சொல்லலாம். ஆனால் நம் ஊரில் யாரைக் கொன்றாலும் அத்தைக்கு ஒரு வழியில் சொந்தமாக இருக்கும். உயிரோடு இருக்கும் யாரையும் கொல்லாமல் ஒரு சாவு வேண்டும். சட்டென்று வந்தது.

"எனக்கு வேண்டப்பட்டது அத்தை. ரொம்ப வருசமா இழுத்துக்கிட்டே கெடந்தது. நானும் படாத பாடு இல்ல. இண்ணைக்குக் காலையில போயாச்சு" என்றேன். சொன்னது பொய்யும் அல்ல, போனது என் ஆராய்ச்சி. பேராசிரியரின் கையெழுத்து கண்முன் வந்து போனது.

"இழுத்துக் கெடக்கதுக்குப் போனது நல்லதாக்கும். கல்யாணச் சாவு" என்று அத்தை என் தோளைத் தட்டினார். பிறகு தானே நின்று, "நீ பின்னால எடு, புண்ணியவாளன் முன்னால போகட்டும்" என்று தன் வேனை மெயின் ரோடு வரை பின்னால் எடுக்க வைத்தார். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுக்கொண்டே போனார்.

நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றினார்கள். ஐஸ்கிரீம் மட்டும் உருகி ஓடிவிட்டது. அம்மா முந்திரி வறுத்துப் போட்டு அதைத் தம்ளரில் கொடுத்தார். அத்தை இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, இப்படி ஒரு பாயசத்தைத் தான் கண்டதில்லை என்றார்.

எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அத்தை என்னைக் கூப்பிட்டார். "சரி மக்கா, அடியந்திரம் எண்ணைக்கு வச்சிருக்கு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை அதக்கிய வாயை வைத்து ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்தைக் கேட்கிறாரா, செத்துப்போன என் வேண்டப்பட்டதின் பதினாறைக் கேட்கிறாரா? மெஷினைக் குறை சொன்ன நான் அதைப் போலவே விழித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா தம்ளரைப் பார்த்தார்.

"ஆவணியில, அத்தை."

தங்கை. காலையிலிருந்து தலை நிமிராமல், கேட்டதற்குக்கூட வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். நாள் குறிப்பது பெரியவர்கள் வேலை, கல்யாணப் பெண் வாயால் மாதம் சொல்வது எங்கள் பக்கம் கேள்விப்படாதது. அவள் முகம் சிவந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏட்டி, நான் கேட்டது வேற. சரி, ஒனக்கு அவசரமாக்கும்! ஆவணின்னா ஆவணி" என்று மாப்பிள்ளையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளை சிரித்ததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. அன்றைக்கு ஐஸ்கிரீமுக்குக் குளிர்பெட்டி வேண்டும் என்று அப்பாதான் போன் போட்டுச் சொன்னார். நான்கு தெருவுக்கும் கேட்டது.