செவலையின் வயிற்றில் கிடந்த புண்ணியம்

என் கை நாறும் என்று சொல்லி என்னிடம் கை நீட்டாத ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டுத் தேத்தண்ணிக்குப் பால் என் தொழுவத்திலிருந்துதான் போனது. அது மட்டும் நாறவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்றைப் பசுவையும் ஓட்டைச் சைக்கிளையும் வைத்துக்கொண்டு, அன்புவழிபுரத்திலிருந்து உப்புவெளி வரைக்கும் பால் ஊற்றித் திரிந்து, கல்வீடு கட்டி, பிள்ளைகளையும் கரைசேர்த்தேன். ஒருவரிடமும் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றதில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வயல் விதைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு இடமில்லை. பெரிய பட்டிக்காரர் காட்டுக்கரைக்கு ஓட்டிப்போவார்கள். என்னைப்போல வீட்டோடு வைத்திருப்பவர்கள் காலையில் கறந்துவிட்டுப் படலையைத் திறந்துவிடுவோம். அதுகள் ரோட்டோரம், மைதானம், கடற்கரை என்று மேய்ந்துவிட்டு, பொழுதுபடத் தாங்களாகவே வந்து படலையை முட்டும். போகிற வழியில் சாப்பாடும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை, அமாவாசை, திவசம் என்றால் பசுவுக்கு ஏதாவது கொடுக்காமல் சனம் வாயில் வைக்காது. என்னுடைய செவலைப் பசுவுக்கு அந்த ரோட்டில் அப்படியொரு மதிப்பு. எதிர்வீட்டு அம்மா, கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர், தன் கேற்றடியில் செவலையைக் கண்டால் கும்பிட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

அந்தச் செவலை ஏழு மாதச் சினையாக இருந்தபோது ஒரு காலை எழும்பி வெளியே போகவில்லை. அசை போடவில்லை. இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி ஊதிக் கிடந்தது. என் தொழுவத்தில் நிற்கிற மற்ற மாடுகளும் அவள் வயிற்றிலிருந்து வந்தவைதான். உடனே டொக்டருக்குச் சொல்லியனுப்பினேன்.

மாட்டு டொக்டராகக் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை வந்திருந்தது. வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"உள்ளுக்கு முழுக்கப் பொலித்தீன் போல கிடக்கு, ஐயா. வெட்டி எடுக்காட்டி ரெண்டும் போயிரும். வெட்டினா தாய் தப்பும். கண்டுக்கு நான் வாக்குத் தர ஏலாது."

"பிள்ளைத்தாச்சியை வெட்டுறதோ?" என்று என் மனைவி அழத் தொடங்கினாள்.

"வெட்டுங்கோ பிள்ளை," என்றேன்.

செவலையை நிற்கவைத்துக் கட்டினோம். இடப்பக்க மயிரை மழித்து, விறைக்க ஊசி போட்டு, அந்தப் பிள்ளை வயிற்றைத் திறந்து தோள்வரைக்கும் கையை விட்டது. புழு வைத்த குளம்பைக் கையால் துப்புரவாக்கியவன் நான். செத்த கன்றை இழுத்து எடுத்திருக்கிறேன். ஒருநாளும் வயிறு பிரட்டியதில்லை. அன்றைக்கு முருங்கையடியில் போய்ச் சத்தியெடுத்தேன்.

வெளியே வந்தது லஞ்ச் சீற். சோற்றுப் பார்சல் சுற்றுகிற அதே பொலித்தீன் தாள். ஒன்றோடொன்று முறுகிக் கயிறு மாதிரி, பச்சைச் சளி வடிய வடிய, இழுக்க இழுக்க வந்தது. பிறகு பைகள். ஒரு பை கட்டின முடிச்சோடு அப்படியே கிடந்தது. கத்தியால் கீறினால் உள்ளே அழுகிக் கறுத்த சோறும் பருப்பும். மாட்டு நாற்றம் எனக்கு வாசம் மாதிரி. இது மனிதர் வீட்டு நாற்றம். புண்ணியம் தேடியவர்கள் பொட்டலத்தை அவிழ்த்துவைக்கவும் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அப்படியே எறிந்திருக்கிறார்கள். சீ!

தைத்து முடித்து, அந்தப் பிள்ளை கிணற்றடியில் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கை கழுவிக்கொண்டிருந்தது.

"வீட்டில ஒண்டும் சொல்லமாட்டினமோ?" என்று மனைவி கேட்டாள்.

"உம்மா என்ட உடுப்ப மத்த உடுப்போட போட உடமாட்டா. மாட்டு டொக்டருக்குப் படிக்கப்போறன் எண்ட நேரம், மனிசர்ர டொக்டருக்கு மார்க்ஸ் காணாதாண்டு கேட்டாக்கள்தான் கூட."

"எங்கட சனமும் அப்பிடித்தான். பால் வேணும், சாணி வேண்டாம்," என்றேன்.

"சம்பளத்த மட்டும் உம்மா வேறையா வைக்கிறதில்ல, ஐயா," என்று சிரித்தது. போகும்போது மனைவியிடம் சொன்னது: "காலையில வலப்பக்கம் உள்ளங்கைய வச்சுப் பாருங்க. கண்டு அசைஞ்சா எனக்குச் சொல்லுங்க. சோறு மட்டும் குடுத்துராதீங்க."

எடுத்த குப்பையை நான் புதைக்கவில்லை. படலைக் கட்டையில் தொங்கவிட்டேன். ஊர் பார்க்கட்டும், மணக்கட்டும். எதிர்வீட்டு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"என்ன ஐயா இது? எங்கட சாமியறை வரைக்கும் நாறுது."

"உங்கட பக்கத்தால வந்ததுதானே அம்மா, வழி தெரிஞ்சு திரும்பி வருது."

"அதில என்ர பேர் எழுதியிருக்கோ?"

"உங்கட முடிச்சு இருக்கு. அவிழ்த்துப் பாருங்கோ."

விறுக்கென்று போய்விட்டார். செவலை மெல்ல அசை போடத் தொடங்கினாள், வைக்கோலைக் கடித்தாள். கன்றுதான் அசையவில்லை. மனைவி ஒவ்வொரு காலையும் வலப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், பிறகு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டுவாள். படலையை நான் பிறகு திறக்கவேயில்லை. எல்லா மாட்டுக்கும் புல் வெட்டிவந்து போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ரோட்டில் திரிவது என் மாடுகள்தான்; இப்போது அதுகளும் இல்லை. புண்ணியத்துக்கு எங்கே போவது? எதிர்வீட்டு அம்மா குளித்து, திருநீறு பூசி, கையில் பையோடு படலையடிக்கே வந்து நின்றார். பையில் சோறும் வாழைப்பழமும். முடிச்சும் இருந்தது! எனக்கு வந்த அரியண்டத்துக்கு வாயில் எதுவும் வந்திருக்கும். அடக்கிக்கொண்டேன்.

"உள்ளுக்கு வாங்கோ. சோத்தை வீட்ட கொண்டுபோங்கோ. பழத்தை உரிச்சுக் கையால குடுங்கோ."

"கையாலயோ? எச்சில் படுமே. நான் கோயிலுக்குப் போகோணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஞ்சியில்லை. கும்பிடுகிற பசுவின் நாக்கு அவர்களுக்கு அருவருப்பு. அந்த எச்சிலுக்குப் பயந்துதான் பையோடு எறிந்திருக்கிறார்கள்.

"கையால எண்டால் குடுங்கோ. இல்லாட்டி அப்பிடியே திரும்புங்கோ," என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு தொழுவத்துக்குள் வந்தார். பழத்தை நீட்டினார். செவலை நாக்கை நீட்டி, பழத்தோடு சேர்த்து அவர் மணிக்கட்டு வரைக்கும் வளைத்து நக்கினாள். "சீ, சீ!" என்று கையை உதறிக்கொண்டு துள்ளினார் அம்மா. அந்த நேரம் பார்த்து, மறுபக்கம் கையை வைத்துக்கொண்டு நின்ற மனைவி, "இஞ்ச, உதைக்குது!" என்று கத்தினாள்.

நான் ஓடிப்போய்க் கையை வைத்தேன். உள்ளே ஒரு முட்டு. திரும்பவும் ஒரு முட்டு. நல்ல பலமாக.

எதிர்வீட்டு அம்மா உதறுவதை நிற்பாட்டிவிட்டுக் கிட்ட வந்தார்.

"நானும் ஒருக்கா தொட்டுப் பார்க்கட்டோ, ஐயா?"

நான் அவர் கையைப் பார்த்தேன். மற்றக் கையில் இன்னும் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை அங்கால வைச்சிட்டு வாங்கோ," என்றேன். "கிணத்தடியில சவுக்காரம் இருக்கு. கையைக் கழுவிப்போட்டு வந்து தொடுங்கோ."