சமதரையில் பார்த்த மட்டம்

துரு கலந்த வெந்நீரின் வாடை எனக்கு இன்றும் ஆகாது. இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து வெகு கீழே பள்ளத்தில் கிடந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு கார்தான் இருந்தது, அது அப்பாவினுடையது. பதுளைக்கு ஆள் ஏற்றிப் போகிற அந்தக் கிழட்டுக் கார், ரோட்டுக்கு ஏறுகிற ஏற்றத்தில் கொதித்து ஆவி கக்காமல் ஒருநாளும் போனதில்லை. மலைத்தண்ணீர் குழாய்வழி கொட்டுகிற 'பீலி'கள் வழியில் இரண்டு உண்டு; இரண்டிலும் நிறுத்தி, கேனில் பிடித்து ஊற்றி, ஆறவிட்டுத்தான் அப்பா ஏறுவார். "ஒங்கப்பாவுக்கு அதுதான் மூத்த பொண்டாட்டி, நா ரெண்டாந்தாரம்" என்று கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே அம்மா சிரிப்பாள்.

பதுளையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் வழி சொன்னார். "ரேடியேட்டர்ல காத்து அடைச்சிக்கிடுது. தனியா ஒரு டேங்க் வைங்க, காத்து அதுக்கு ஏறிரும், தண்ணி எறங்கிரும். ஆனா அந்த டேங்க்தான் எல்லாத்துக்கும் ஒசரமா இருக்கணும்." அப்பா பித்தளைத் தகட்டில் ஒரு சின்னத் தொட்டி ஒட்டுவித்து வந்தார். ரேடியேட்டருக்கு மேலே வைத்தால் பொனட்டை வெட்ட வேண்டும். "கல்யாணத்துக்குப் போற காரு, மூஞ்சியில ஓட்ட போடுறதா?" என்று தொட்டியை எஞ்சினுக்குப் பின்னால் பொருத்தி, அதன் அடியிலிருந்து தடித்த குழாயைத் தண்ணீர்ப் பம்புக்கும், ரேடியேட்டரின் உச்சியிலிருந்து மெல்லிய குழாயைத் தொட்டிக்கும் இணைத்தார்.

தோட்டத்திலேயே சமதரை என்று இருந்தது லயத்துக்குப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம் ஒன்றுதான். அங்கே காரை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ரேடியேட்டரின் உச்சியைவிடத் தொட்டி மூன்று விரல் உயரம். ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார், கொதிக்கவில்லை. ஏற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர், சமதரை தேடிப் போய்ச் சோதித்தார். கேனை அடுப்படியில் வைத்து, "இனி இது ஒனக்கு" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மலையில் கொழுந்து பறித்தவர்களைக் குளவி கொட்டியது. எல்லோரும் ஓடித் தப்ப, அம்மா மட்டும் தேயிலைச் செடி நிரையில் விழுந்துவிட்டாள். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது, மூச்சு இழுத்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காரின் பின் இருக்கையில் அவள் தலை என் மடியில். எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் பீலியை நிற்காமல் கடந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக வருகிறது.

செங்குத்தான வளைவில் கார் ஆவி கக்கி நின்றது. கார் மூக்கைத் தூக்கி நின்றதில் பின்னால் இருந்த தொட்டி ரேடியேட்டரின் உச்சிக்குக் கீழே போயிருந்தது; காற்று மறுபடி ரேடியேட்டரிலேயே அடைத்துக்கொண்டது. "டேங்க் நெறைய தண்ணி இருக்கே" என்றார் அப்பா, பிறகு புரிந்து, தலையில் அடித்துக்கொண்டார். ரேடியேட்டர் மூடியைத் திறந்த கை வெந்துபோனது. கேன் இல்லை. அம்மா கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த 'படங்கு'ச் சீலையை உருவிக்கொண்டு அப்பா பீலிக்கு ஓடினார். அதில் ஏந்தி வந்த தண்ணீரில் பாதி வழியிலேயே சிந்தியது.

"அவர மெதுவா வரச் சொல்லு புள்ள, பாசி வழுக்கும்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அப்பா மூன்றாம் தடவையும் தண்ணீரோடு ஏறி வந்துகொண்டிருந்தார். இனி ஓட வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா இரும்பறுக்கும் வாளால் பொனட்டை அறுத்து, தொட்டியை முன்னால் ரேடியேட்டருக்கு மேலே ஏற்றினார். தனியாக அந்த ஏற்றம் முழுவதும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, "கொதிக்கல" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை, பக்கத்தில் போய் உட்காரவும் இல்லை.

அந்தப் பாதை இன்று வழவழவென்று தார் போட்ட 'காபட் ரோடு'. பீலிகள் இரண்டும் மண்ணுக்குள் போய்விட்டன, கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பதுளையில் என்னோடு இருக்கிற அப்பா, என் கணவரின் காரில் முன்னால்தான் உட்காருவார். சூட்டைக் காட்டுகிற முள்கூட அந்தக் காரில் இல்லை. ஏற்றம் வந்ததும், "சூடு ஏறுதாம்மா?" என்று கேட்பார்.

"இல்லப்பா" என்பேன். மேலே போய்ச் சேருவதற்குள் நாலைந்து தடவை கேட்பார். நாலைந்து தடவையும் சொல்வேன்.