எல்லாக் குமிழும் பத்தில்

போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்த்தபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

பொழுது போகாமல் அங்கே போகவில்லை. என்னோடு எட்டுப் பத்து விவசாயிகளும், ஒரு லைன்மேனும், மல்லிகாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்னூரில் பஸ் இறங்கி மண் பாதையில் நடந்தால் வருகிற தோட்டங்கள். காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. வந்ததும் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

"இன்னைக்கும் பீஸ் போச்சுன்னா பொட்டிய எல்லாம் கழட்டி உங்ககிட்டயே குடுத்தர்றோமுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க" என்று நஞ்சப்பன் மல்லிகாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் எடுக்கும் தோட்டங்களில் பெரியது நஞ்சப்பனுடையது. அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். ஆனால் பாருங்கள், கழற்றி எறிவதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்... இந்த மரியாதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

மல்லிகா பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். டி.வி. சர்வீஸ் வேலையை விட்டுவிட்டு, கணபதியில் ஒரு தகர ஷெட்டில் சொந்தமாகப் பெட்டி செய்கிறார். கிணற்று மோட்டாரைத் தானாக ஓட வைக்கிற பெட்டி. செங்கல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு சிப், அதற்குள் மல்லிகா எழுதிய சின்னப் புரோகிராம்.

எதற்கு அப்படி ஒரு பெட்டி? நகரத்தில் கரண்ட் போனால் விசிறிதான் நிற்கும். வந்ததும் தானே சுற்றும். தோட்டத்தில் அப்படி இல்லை. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். வந்த பிறகு யாராவது கிணற்றுக்குப் போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். கரண்ட் எப்போது வரும்? அது கரண்டுக்கே தெரியாது.

சரசக்கா என்று ஒருவர் அங்கே வாழை வைத்திருக்கிறார். கணவர் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சரசக்காவுக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். வீட்டிலிருந்து கிணற்றுக்கு நடந்து போவதற்குள் சில நாள் கரண்ட் வந்து, திரும்பவும் போயிருக்கும்.

"போன கோடையில மோட்டார் ரூமுலயே கட்டலப் போட்டுக்கிட்டேனுங்க" என்றார் என்னிடம்.

"பாம்பு வராதுங்களா?"

"வருமுங்க. எனக்குப் பழகிப்போச்சு. பாம்புதான் பாவம், கொஞ்ச நாள் சங்கடப்பட்டுது."

அவருடைய கால் செய்கிற வேலையை ஒரு சிப் செய்தால் எப்படி இருக்கும்? மல்லிகா யோசித்தது அவ்வளவுதான்.

இதில் நான் எங்கே வந்தேன்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், சிங்காநல்லூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொஞ்ச நாள் இருந்தேன். சம்பளம் கிடையாது. சாப்பாடும், படுக்க ஒரு பெஞ்சும். கருகிய காப்பர் கம்பியின் வாசனையை இப்போதும் தெருக்கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அதனால் மோட்டார் விஷயம் என்றால் கூப்பிடாமலே போய் நிற்கிற பழக்கம். மல்லிகாவின் ஷெட்டுக்கும் அப்படித்தான் போனேன்.

முதல் தடவை பெட்டிகளை மாட்டியபோது எல்லோருக்கும் சந்தோஷம். சரசக்கா கட்டிலை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். கரண்ட் போனது. வந்தது. வந்த அதே நொடியில் எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின.

டமார்.

டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது. மோட்டார் ஓடும்போது இழுக்கிற கரண்ட் ஒரு அளவு. கிளம்புகிற நேரத்தில் இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பினால் டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும்?

இதில் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது வேறொன்று. பெட்டி வருவதற்கு முன்பும் அதே மோட்டார்கள்தானே, அதே டிரான்ஸ்பார்மர்தானே? அப்போது ஏன் பீஸ் போகவில்லை? ஏனென்றால் ஒருவர் வேகமாக நடப்பார். ஒருவர் டீ குடித்துவிட்டு வருவார். ஒருவருக்கு முழங்கால் வீக்கம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் பட்டனை அழுத்தினார்கள். சோம்பல், வலி, வெட்டிப் பேச்சு... இவை எல்லாம் சேர்ந்துதான் அத்தனை வருஷமாக அந்த டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றியிருக்கின்றன. இதை யாரும் மெஷினில் ஒரு பாகமாக எண்ணவில்லை. எடுத்துவிட்ட பிறகுதான் தெரிந்தது.

இன்றைக்கு ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடை மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சென்டர். எந்த வேலையைக் கம்ப்யூட்டர் மனிதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த மனிதன் அந்த வேலையோடு சேர்த்துத் தெரியாமலே வேறு என்ன செய்துகொண்டிருந்தான் என்று எந்த போர்டிலும் இல்லை.

மல்லிகா சோர்ந்துவிடவில்லை. பெட்டிகளைத் திரும்ப வாங்கிப் போய் ஒவ்வொன்றிலும் ரேடியோவில் இருப்பது போல ஒரு குமிழ் வைத்தார். ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள். ஒன்றில் வைத்தால் கரண்ட் வந்து ஒரு நிமிஷத்தில் மோட்டார் கிளம்பும். பத்தில் வைத்தால் பத்து நிமிஷம் கழித்து. சிப் ஒரு நொடிகூடப் பிசகாது.

"உங்களுக்குள்ள அனுசரிச்சு ஆளுக்கொரு நெம்பர்ல வெச்சுக்கங்கண்ணா" என்று நஞ்சப்பனிடம் சொல்லிவிட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் கவலைப்பட்டார். "எல்லாரும் ஒண்ணுலயே வெச்சுட்டா என்னங்க பண்றது? தண்ணின்னா யாரு விட்டுக் குடுப்பாங்க?"

நானும் அதையேதான் நினைத்தேன். உலகத்தில் எந்த ஊரில் பெட்டி செய்கிறவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

இரண்டாவது சோதனை. நாங்கள் இதே வேப்பமரத்தடியில் நிற்கிறோம். கரண்ட் வந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு மோட்டார்கூடக் கிளம்பவில்லை. இரண்டு, மூன்று... வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புரோகிராமில் ஏதோ தப்பு என்று நினைத்து மல்லிகா பையிலிருந்து மீட்டரை எடுத்தார். லைன்மேன் பீடியைப் பற்றவைத்தார். எட்டு, ஒன்பது...

பத்தாவது நிமிஷம் — சுற்றிலும் எல்லா மோட்டாரும் ஒன்றாக உறுமின.

டமார்.

வேப்பமரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. மல்லிகா விறுவிறுவென்று பக்கத்திலிருந்த நஞ்சப்பன் தோட்டத்துக்குப் போனார். பின்னாலேயே எல்லோரும் போனோம். மோட்டார் ரூம் சுவரில் பெட்டி. குமிழ் பத்தில்.

"ஏனுங்கண்ணா, பத்துல வெச்சிருக்கீங்க?"

"மத்தவிய மொதல்ல எடுத்துக்கட்டுமுன்னுதானுங்க அம்மணி" என்றார் நஞ்சப்பன். "பெரிய தோட்டத்துக்காரன் முந்திக்கிட்டான்னு பேரு வரக் கூடாதுல்லீங்க?"

அடுத்து சரசக்கா தோட்டம். அங்கேயும் பத்து.

"பெரியவிய எல்லாம் இருக்கறப்ப நான் மொதல்ல ஓட்டுனா நல்லாவா இருக்கும் கண்ணு? கடேசியா எடுத்துக்கலாமுன்னு வெச்சுப்போட்டேன்."

அடுத்த தோட்டம், அதற்கடுத்த தோட்டம்... எல்லாக் குமிழும் பத்தில். ஒரு இளைஞர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார். "மொதல்ல என்ற மோட்டாரு ஓடி, அந்நேரம் பாத்து பீஸ் போச்சுன்னா? ஊரு பூரா என்ற பேரைத்தானுங்க சொல்லும்."

லைன்மேன் பீடியை மிதித்து அணைத்தார். "ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? இத்தனை மரியாதைய இந்த டிரான்ஸ்பார்மரு தாங்காதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லிகாவுக்கு வரவில்லை. அவருக்கு இது ஒரே வாய்ப்பு. இந்த ஊரில் பெட்டி நிலைத்தால்தான் பக்கத்து ஊரில் கேட்பார்கள். இங்கே கழற்றினார்கள் என்றால் அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே அடுத்த ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் டி.வி. ரிப்பேருக்குப் போகவேண்டியதுதான்.

சரி, வரிசை எழுதிக்கொள்ளலாம் என்று பேச்சு ஆரம்பித்தது. ஒன்றாம் நம்பர் யார்?

"நீங்க எடுத்துக்கங்க."

"அட, நீங்க எடுத்துக்கங்க. உங்களுதுதானுங்க பக்கத்துல இருக்குது."

"பக்கத்துல இருந்தா? உங்க ஊட்டுலதானுங்க கறவை மாடு இருக்குது, தீவனத்துக்குத் தண்ணி வேணுமில்லீங்க?"

நான் கொங்கு நாட்டில் சுற்றிய வருஷங்களில் பஸ் படிக்கட்டில் இதைப் பார்த்திருக்கிறேன். "ஏறுங்க", "நீங்க ஏறுங்க" என்று இரண்டு பேர் கீழே நிற்க, பஸ் போய்விடும். ஆனால் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். ஒன்றாம் நம்பர் வேண்டாம் என்றவர்களில் யாரும் பத்தைக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. முந்தவும் கூடாது, பிந்தவும் மனசில்லை. இதற்கு எந்த எண்ணை எழுதுவது?

பேசிப் பேசிக் களைத்துப்போய், "சீட்டு எழுதிப் போட்டு எடுத்துக்கலாமுங்க. சாமி குடுத்த வழின்னு போயரலாம்" என்றார் நஞ்சப்பன்.

"ஒருக்கா ஒண்ணு விழுந்தவன் எப்பவுமே ஒண்ணா? ஒவ்வொருக்காவும் போட்டாத்தானுங்க நாயம்" என்றார் இளைஞர்.

"கரண்டு வர்றப்ப எல்லாம் சீட்டுப் போட்டுட்டு உக்காந்திருந்தா வெள்ளாமைய யாருங்க பாக்கறது?" என்றார் இன்னொருவர்.

அதுவரை மோட்டார் ரூம் வாசலில் பேசாமல் நின்றிருந்த மல்லிகா நிமிர்ந்தார். "பொட்டியே போட்டா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரண்டு வர்றப்ப எல்லாம் ஒவ்வொரு பொட்டியும் உள்ளயே ஒரு சீட்டு எடுத்துக்கும். இன்னைக்கு நீங்க முன்னாடி வருவீங்க, நாளைக்கு அக்கா வருவாங்க. யாரும் வெக்கறதில்ல. யாரு பேரும் வராது. எனக்கு ஒரு வாரம் மட்டும் குடுங்கண்ணா."

நஞ்சப்பன் யோசித்தார். ஏற்கெனவே ஒருவர் பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தார். சரசக்கா தன் மோட்டார் ரூம் இருந்த திசையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "உங்களுது உங்க இஷ்டமுங்க. என்ற பொட்டிய யாரும் கழட்ட வேண்டாம். மறுக்காவும் கட்டலத் தூக்க எனக்குத் தெம்பில்லீங்க."

அதற்குப் பிறகுதான் நஞ்சப்பன் ஒரு வாரம் கொடுத்தார்.

அந்த வாரம் ஷெட்டில் போய் உட்கார்ந்து மல்லிகாவைக் குடைந்தெடுத்தேன். மெஷின் சொன்னதைத்தானே செய்யும்? சொல்லாத எண்ணை அது எங்கிருந்து எடுக்கும்?

"ஒவ்வொரு பொட்டிக்குள்ளயும் வேற வேற எண்ணைப் போட்டு வெச்சிருவேனுங்க" என்றார். "கரண்ட் வந்தா அதைப் பெருக்கி, கூட்டி, வகுத்து, மிச்சம் என்னவோ அதுதான் அன்னைக்கு நேரம். அடுத்த தடவை அந்த மிச்சத்தில இருந்து மறுபடியும் பெருக்கல். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி வரும்."

"அப்ப உள்ளே கணக்குத்தான். சீட்டு இல்லை?"

"வெளிய இருந்து பாக்கறவங்களுக்குச் சீட்டுதானுங்க."

எட்டாவது வரை எனக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். வேப்பமர நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கமிருந்த டீக்கடையிலிருந்து தூக்குப் போசியில் டீ வந்தது. முதல் டம்ளர் கை மாறிக் கை மாறி ஆறிப்போனது. கடைசியில் அதை லைன்மேன் குடித்தார்.

டிரான்ஸ்பார்மர் லேசாக ரீங்கரித்தது. கரண்ட்.

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கிழக்கே எங்கேயோ ஒரு மோட்டார் கிளம்பிய சத்தம். யாருடையது என்று தலைகள் திரும்பின. அப்புறம் தெற்கே ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல இரண்டு — லைன்மேன் அண்ணாந்து பார்த்தார். டிரான்ஸ்பார்மர் தாங்கியது. அப்புறம் ஒன்று. இடைவெளி. இன்னொன்று. தகரக் கூரையில் மழை ஆரம்பிக்கிற மாதிரி, ஒழுங்கே இல்லாமல், ஒவ்வொன்றாக... எல்லா மோட்டாரும் ஓடின. பீஸ் போகவில்லை.

"மொதல்ல ஓடுனது யாருதுங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"யாருதா இருந்தா என்னங்க, பொட்டி போட்ட சீட்டு" என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார் நஞ்சப்பன். பிறகு மல்லிகாவைப் பார்த்தார். "அம்மணி, சாப்டுட்டுத்தான் போகோணும். என்ற மச்சான் காரமடைல இருக்கறான், அவுங்க லைனுக்கும் பொட்டி மாட்டச் சொல்றேன்."

இலையில் உட்காரும்போது யார் முதலில் என்று ஆரம்பித்தது. அதை விட்டுவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முன் சரசக்காவின் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தடதடவென்று தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. சரசக்கா முந்தானையால் பெட்டியைத் துடைத்துவிட்டு, குமிழைத் திருப்பிப் பத்தில் வைத்தார்.

இந்தத் தடவை மல்லிகா குமிழுக்குப் போகிற கம்பியை வெட்டிவிட்டார். எல்லோரிடமும் அதைச் சொல்லியும் விட்டார். பெட்டியில் ஓட்டை தெரியக் கூடாது என்பதற்காகத்தான் குமிழை எடுக்காமல் விட்டார்.

"அக்கா, அது எங்கேயும் சேரலீங்களே?"

"தெரியுமுங்க தம்பி" என்றார். "நாளைக்கு யாராச்சும் ஒறம்பர, சொந்தக்காரங்க வந்து பாத்தா, சரசு ஒண்ணுல வெச்சிருக்கறான்னு நெனச்சுப்போடக் கூடாதுல்லீங்க?"

திரும்பும் வழியில் இதை மல்லிகாவிடம் சொன்னேன். காரமடைக்குப் போகிற பெட்டிகளிலும் குமிழ் இருக்கும் — கம்பி இருக்காது.