மூன்று புள்ளி இரண்டு

தடகள மைதானத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத வேலை ஒன்று உண்டென்றால் அது காற்று அளப்பவருடைய வேலை. ஓடுகிறவரைப் பார்ப்பார்கள், தாண்டுகிறவரைப் பார்ப்பார்கள், ஓட்டம் தொடங்கத் துப்பாக்கி சுடுபவரைக்கூட வாய் பிளந்து பார்ப்பார்கள். நீளம் தாண்டும் பாதையோரம் முக்காலியில் ஒரு குழாயைப் பொருத்திவிட்டு, மடக்கு நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஆளை யார் பார்க்கப்போகிறார்கள்? இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். தடகளச் சங்கத்தில் அவருக்குக் காற்றுக்காரர் என்று பெயர்.

சம்பளம் வாங்குவது எடை அளவு அலுவலகத்தில். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே கடைக்காரர்கள் முகம் சுண்டிப்போகும். வீட்டிலும் அதே கதைதான். சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால் அளவு நாடாவைத் தேட ஆரம்பித்துவிடுவார். “ஒரு தடவையாவது கண்ணால பாத்து அடிங்களேன், வீடு இடிஞ்சா விழுந்துடும்?” என்பார் மனைவி.

காற்று அளப்பதன் நியாயம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். முதுகுப்பக்கம் காற்று தள்ளினால் ஓடுகிறவர் வேகம் கூடும், தாண்டுகிறவர் கூடுதல் தூரம் போவார். வினாடிக்கு இரண்டு மீட்டர் வரைக்கும் காற்றை மன்னிப்பார்கள். அதைத் தாண்டினால் பரிசு உண்டு, சாதனைப் பட்டியலில் இடம் இல்லை. இவ்வளவுதான் விதி. தாண்டுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இது அத்துப்படி. பத்திரிகை படிக்கிறவர்களுக்கும் அதில் எழுதுகிறவர்களுக்கும்தான் தெரியாது.

அவருடைய தம்பி மகள் நீளம் தாண்டுகிறவள். குழந்தையிலேயே கட்டிலுக்குக் கட்டில் தாவியதால் பெரியப்பா அவளுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்; அதுவே நிலைத்துவிட்டது. அவருக்குப் பிள்ளை இல்லை. வெட்டுக்கிளி தன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் பெரியப்பா வீட்டில்தான் சாப்பிடுவாள். அவள் தாண்டுகிற போட்டியில் தான் காற்று அளப்பது சரியில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று அவர் சங்கச் செயலாளரிடம் இரண்டு தடவை கேட்டார். “அந்தக் கருவியைத் தொடத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். காத்து என்ன சொந்தக்காரங்களுக்குன்னு தனியாவா வீசப்போகுது?” என்று சிரித்துவிட்டார் செயலாளர்.

போன வருட தேசியப் போட்டியில் அவள் ஆறு மீட்டர் ஐம்பத்தெட்டு தாண்டினாள். பதினேழு வருடமாக அசையாமல் கிடந்த தேசிய சாதனை ஆறு நாற்பத்தைந்து. தூரத்தைக் காட்டும் பெரிய பலகையில் எண் வந்ததுமே ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் “புதிய தேசிய சாதனை!” என்று தொண்டை கிழியக் கத்தினார். மைதானமே எழுந்து நின்றது. காற்றைக் காட்டும் சின்னப் பலகை பெரியப்பா மட்டும் பார்க்கும்படி அவர் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தது. அதில் மூன்று புள்ளி இரண்டு என்று இருந்தது.

பெரியப்பா அதைத் தாளில் எழுதினார். வெட்டுக்கிளி மேஜைக்கு வந்து தாளை எட்டிப் பார்த்தாள், “அய்யோ” என்றாள், அடுத்த தாண்டலுக்குப் போய்விட்டாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, முதுகில் காற்று வாங்கியவள் அவள்தானே.

பத்திரிகை நிருபர் அதற்குள் கிளம்பிவிட்டார், சாயங்காலம் அவருக்குக் கால்பந்து இருந்தது. மறுநாள் முதல் பக்கத்தில் ‘தேசிய சாதனையைத் தகர்த்த மங்கை’. கூட இருந்த படம் உயரம் தாண்டுகிற வேறொரு பெண்ணுடையது. வெட்டுக்கிளியின் அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற அவர் படத்தில் இருப்பது தன் மகளில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

மூன்றாம் நாள் சங்கம் விளக்கம் கொடுத்தது: முதல் பரிசு உண்டு, சாதனை இல்லை. பத்திரிகை அதற்குக் கொடுத்த தலைப்பு ‘சாதனை பறிப்பு! சொந்தப் பெரியப்பாவே வில்லன்’. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கத்தினார்கள். அதில் ஒருவர் கூட நீளம் தாண்டுதலை நேரில் பார்த்தவர் இல்லை. “காத்தா தாண்டுச்சு? பொண்ணுதானே தாண்டுச்சு?” என்று ஒருவர் கேட்டதற்கு மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். முடிவெட்டும் கடையில், பேருந்தில், அலுவலக மாடிப்படியில் எல்லாம் அதே கேள்வி. பிள்ளை இல்லாதவன் வயிற்றெரிச்சல் என்று ஒரு கடைக்காரர் அவர் காதுபடவே சொன்னார். தம்பி தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: “இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்க.”

பெரியப்பா பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். விதிப் புத்தகத்தையும் முடிவுத் தாளின் நகலையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். விளையாட்டுப் பகுதி ஆசிரியர் இளம் வயதுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார்.

“சார், கால்பந்துல காத்தையா அளக்குறாங்க? இதுக்கு மட்டும் என்ன?”

“கால்பந்துல ஒரே காத்துல ரெண்டு பக்கமும் ஆடுறாங்க தம்பி. இது வேற வருஷம், வேற ஊர்ல தாண்டுனதோட ஒப்பிடுற விஷயம். ஒரு திருத்தம் போட்டீங்கன்னா போதும்.”

“திருத்தம் யாரு சார் படிக்கிறாங்க? வேணும்னா உங்க பேட்டி போடலாம். தப்பு நடந்துபோச்சு, வருத்தப்படுறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முதல் பக்கத்துலயே போட்டுடுறேன்.”

உறையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வெட்டுக்கிளி வாய் திறந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். காற்று அதிகம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என அவர் வாரக்கணக்கில் காத்திருந்தார். தெருவில் அவள் முகத்தோடு பதாகை தொங்கியது. அப்பா கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பத்தொன்பது வயதுப் பெண் அதை எப்படித் தட்டிவிடுவாள்? அவள் பேசவில்லை, பெரியப்பா வீட்டுக்கு வரவும் இல்லை. அவர் மனைவி இரண்டு மாதம் அவளுக்கும் சேர்த்தே சமைத்துவிட்டு, பிறகு அளவைக் குறைத்துக்கொண்டார்.

இந்த வருடம் அதே மைதானம், அதே நாற்காலி. அவரை மாற்றச் சொல்லி மனு மேல் மனு போயிருந்தது, ஆனால் கருவியைத் தொடத் தெரிந்த இரண்டாவது ஆளை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான்காவது முறை வெட்டுக்கிளி ஓடி வந்தபோது கொடிகள் சோம்பிக் கிடந்தன. எம்பித் தாண்டும் மரப்பலகையில் அவள் கால் வைத்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மீட்டர் நாற்பத்தொன்பது. காற்று பூஜ்யம் புள்ளி ஆறு.

பழைய சாதனையைவிட நான்கு சென்டிமீட்டர் அதிகம், ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லாமல். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அது அசைந்திருக்கிறது. பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். நடுவர்கள் கைதட்டக் கூடாது, பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். மைதானத்தில் வேறு ஒரு கை தட்டவில்லை.

ஒலிபெருக்கி சொன்னது: “ஆறு நாற்பத்தொன்பது. போன வருஷத்தைவிடக் குறைவு, பரவாயில்லை, முயற்சிக்குப் பாராட்டுகள்.”

அடுத்த போட்டி தொடங்குமுன் வந்த இடைவேளையில் பெரியப்பா மூச்சிரைக்க வர்ணனையாளர் அறைக்கு ஏறினார். “சார், சாதனை சார் இது! அறிவிங்க!”

“விடுங்க சார். போன வருஷம் சாதனைன்னு சொன்னேன், நீங்கதான் வந்து இல்லன்னீங்க. எனக்கு எவ்வளவு திட்டு தெரியுமா? இந்தத் தடவ நான் வாயையே திறக்கப்போறதில்ல.”

மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் மூன்று வரி: ‘சாதனை மங்கை சறுக்கல்’. பெரியப்பா தொலைபேசியில் அந்த இளம் ஆசிரியரைப் பிடித்தார். அவர் நிதானமாகக் கேட்டார்: “சார், எடை அளவு ஆபீஸ்ல இருக்கீங்க. ஆறு அம்பத்தெட்டு பெருசா, ஆறு நாப்பத்தொம்பது பெருசா? நீங்களே சொல்லுங்க.”

சங்கம் பட்டியலில் ஏற்றியது, சான்றிதழும் அனுப்பியது. ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர் குறைந்தால் ஊருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: போன வருடம் ஏதோ ஊசி போட்டிருக்கிறாள், இப்போது பயந்து விட்டுவிட்டாள். அப்பா சான்றிதழை மேஜை இழுப்பறையில் போட்டார். சுவரில் பழைய பக்கம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வெட்டுக்கிளி வருகிறவர்களுக்குக் கண்ணாடி எடுத்துக்கொடுத்தாள். ஏனம்மா இப்படி ஆயிடுச்சு என்று கேட்காமல் ஒருவரும் போகவில்லை.

ஒரு மத்தியானம் அவள் எடை அளவு அலுவலகத்துக்கு வந்தாள். பெரியப்பா ஒரு கடையின் எடைக்கற்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நிறுத்திட்டேன் பெரியப்பா. சங்கத்துல எழுதிக் குடுத்துட்டு வர்றேன்.”

“பைத்தியமா உனக்கு? தேசிய சாதனை உன்கிட்ட இருக்குடி! நாப்பத்தொம்போது! நானே அளந்தேன்.”

“தெரியும். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேருக்குத் தெரிஞ்சதை வச்சிக்கிட்டு நான் எங்க போய்ப் பொழைக்கிறது?”

“எல்லாம் மாறும்மா. இன்னும் கொஞ்ச நாள்…”

“இனிமே நான் அம்பத்தெட்டைத் தாண்டணும். அப்பதான் நம்புவாங்க. அது என்னால முடியாது பெரியப்பா, அதைத் தாண்டுனது நான் மட்டும் இல்ல.” சொல்லிவிட்டுக் குனிந்தபடி அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோபமில்லாமல், வழி கேட்பதுபோல் கேட்டாள்: “அன்னிக்கு நீங்க ஒண்ணு புள்ளி எட்டுன்னு எழுதியிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

எனக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல முடியவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அவரும் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.